பொதுப்பணமும் எளியோர் சங்கங்களும்
(ஐக்கிய சங்க அங்கத்தினர்க்குரிய பாடம்)

பொதுஜனங்கள் செலுத்தும் வரிப்பணத்தில் ஒரு பகுதி எளியோர் சங்கங்களுக்குச் சேர்வது நியாயமே. ஆயினும் அப்பணம் எவர் கையில் நின்றது, எவ்வாறு செலவாயிற்று என்பவற்றைப் பொறுத்தே அதன் பயன் அமையும். பழைய சென்னை மாகாணத்தின் சரித்திரத்தில் இதற்குத் தக்க உதாரணம் ஒன்றுண்டு.

தஞ்சை முதலிய நெல் விளையும் ஜில்லாக்களில் ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் குடியிருந்த மனை மிராசுதாரருக்கே சொந்தமாயிருந்தது. கூலி உயர்த்திக் கேட்பவனும், வேறிடத்தில் வேலை தேடுபவனும் குடிசையினின்றும் வெளியேற்றப்படக்கூடும். இவ்வச்சத்தால் பலர் வாய் திறவாதிருந்தனர். 1920-ஆம் ஆண்டில் சர்க்கார் லேபர் கமிஷனர் என்னும் உத்தியோகஸ்தரை நியமித்து, இவ்வகுப்பாரின் முன்னேற்ற வேலையை அவரிடம் ஒப்புவித்தனர். மனைகளுக்கு வேண்டிய நிலம், அவசியமான இடங்களில் 1894-ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டப்படி எடுக்கப்பட்டது. பல இடங்களில் மனை வேண்டுவோர் ஐக்கிய சங்கமாகச் சேர்ந்து சர்க்காரிடம் கடன் பெற்று, தவணைகளாகச் செலுத்தினர். கிணறு, பாடசாலை, மாணவர் உபகாரச் சம்பளம் ஆகியவற்றிற்கும் பொதுப்பணம் செலவிடப்பட்டது.

இங்கே இருவகை உதவியைக் காண்கிறோம். திருப்பித் தர வேண்டியது கடன். தர வேண்டாதது மான்யம். கடனுக்குத் தவணை தோறும் கணக்குக் கேட்கப்படும். மான்யத்திற்கு அத்தகைய தவணை இல்லை. ஆதலால் அதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதற்குரிய விதிகளாவன:

1. கிணற்றுக்கென்று பெற்ற பணத்தைச் சாவடி பழுதுபார்க்கச் செலவிடலாகாது. நோக்கம் மாற வேண்டின், கொடுத்தவரின் உத்தரவை எழுத்தில் பெறுக.

2. மான்யத்தைப் பங்குத் தொகையுடனும் டிபாசிட்டுடனும் கலவாது தனிக் கணக்கில் வைத்து, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வாங்கிக் கோக்க வேண்டும்.

3. வாசிக்க அறியாதாரும் உணரும்படி, வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். எவர் பொருட்டுப் பணம் வந்ததோ, அவர்களே அங்கே முதலில் பேசவேண்டியவர்கள்.

4. மான்யம் கிணற்றை வெட்டித் தரும். தூர் வாருதல் நம் பொறுப்பு. நாற்பது அங்கத்தினர் மாதம் 10 ரூபாய் வீதம் சேர்த்தால், வருஷத்தில் 4,800 ரூபாய் கைவசம் இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மனு எழுதத் தெரிந்த ஊருக்கே உதவி மீண்டும் மீண்டும் சேர்கிறது. எழுத அறியாத குடியிருப்போ, தேவை மிகுந்திருந்தும், பட்டியலில் ஏறுவதில்லை. பக்கத்துப் பெரிய சங்கத்தின் காரியதரிசி ஒரு நாள் மாலை சென்று மனு எழுதிக் கொடுப்பாராயின் அதுவே மெய்யான ஐக்கியம். அதற்கென அவர் ஒரு பங்கும் கேட்டல் தகாது.

கூட்டத்தில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்:

(அ) நம் சங்கம் கடைசியாகப் பெற்ற மான்யத்தின் கணக்கை எத்தனை அங்கத்தினர் கேட்டறிந்தனர்?

(ஆ) நம் எல்லையில் இதுவரை ஒரு மனுவும் அனுப்பாத குடியிருப்பு எது?