மச்சான் போயிட்டு வந்தாருங்க!

கோவைப் பக்கம் யாராவது முதல்முறை வெளிநாடு கிளம்பினால், சொந்தத்தில் ஏற்கெனவே போய் வந்த ஒருவர் ஆலோசகர் ஆகிவிடுவார். "நம்ம மச்சான் போயிட்டு வந்தாருங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பதற்கு இங்கே அரசாணையை விட மரியாதை அதிகம். மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் போன வருடம் அப்படித்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு சில விதிகள் மாறிவிட்டன. சிலவற்றில் அவர் மாட்டாமல் தப்பித்து வந்தார், அவ்வளவுதான். பீளமேட்டில் ஏறினால் நேராகச் சிங்கப்பூரிலோ சார்ஜாவிலோ இறங்கலாம் என்றாகிவிட்ட பிறகு கிளம்புகிறவர்கள் கூடிவிட்டார்கள். மச்சான்களும்தான்.

"பேரும் இனிஷியலும் இருக்குது, அதுக்கு மேல என்னங்க வேணும்?"

சிக்கல் தொடங்குவதே அங்கேதான். ரேஷன் கார்டில் 'ப. கந்தசாமி' என்று இருப்பவர் பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது. விரித்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட வேண்டும். நம் ஆட்கள் பலர் காலியாகத்தான் விட்டிருக்கிறார்கள். சாதிப் பெயரைப் பெயருக்குப் பின்னால் இருந்து எப்போதோ கழற்றி வைத்த ஊரில், குடும்பப் பெயர் என்று தனியாக எதைக் காட்டுவது? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவோ விசிட் விசாவோ கிடையாது என்று அறிவித்தபோது அதிகம் பதறியது தமிழ்நாட்டுக்காரர்களாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று சில நாட்களில் விளக்கம் வந்தது. பதற்றம் அடங்கியது, பழக்கம் மாறவில்லை.

டிக்கெட் எடுக்கும் படிவமோ சர்நேம் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. சில விமான நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு வழி சொல்லும். எடுப்பதற்கு முன்னால் அந்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. ஆதாரைப் பார்த்து இனிஷியலோடு அடித்த டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகாவிட்டால், கவுண்டரில் நின்று தமிழர் பெயரிடும் மரபைப் பற்றி விளக்கம் சொல்ல நேரிடும். புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள் தந்தை பெயரை சர்நேம் கட்டத்தில் எழுதிவிட்டால் தொல்லை பாதியாகக் குறையும். பதிலுக்கு, போகிற ஊரில் ஹோட்டல்காரர் 'மிஸ்டர் பழனிசாமி' என்று அப்பாவைத்தான் கூப்பிடுவார். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

"பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசம் செல்லுமுங்க!"

செல்லும், ஆனால் உங்களை ஏற்றமாட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, அமீரகம் எல்லாம் போய் இறங்கும் நாளில் குறைந்தது 6 மாத ஆயுளாவது பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டு, சிறு பிள்ளைகளுடையது 5 ஆண்டு. குடும்பத்தோடு எடுத்தவர்கள் எல்லாம் ஒன்றாகத்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். மாட்டுவது பெரும்பாலும் சின்னக் குழந்தையின் புத்தகம்தான்.

"ஈசிஆர் குத்தியிருக்குது, வெளிநாடே போக முடியாதாமா!"

சென்னைக்காரர்களுக்கு ஈசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அது குடியேற்றச் சோதனை தேவை என்பதன் சுருக்கம். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு அது வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் மட்டுமே அவர்கள் அனுமதி வாங்க வேண்டும். துபாயில் மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு அது தடையே இல்லை. 50 வயது தாண்டியவர்களுக்கு அந்த முத்திரையே தேவையில்லை.

"மலேசியாவுக்கு விசாவே வேண்டாமுங்க, பையைத் தூக்கிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்!"

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் இருக்கலாம் என்பது உண்மை. இத்தகைய சலுகையைத் தவணை வைத்துத்தான் நீட்டிப்பார்கள் என்பதால், கிளம்பும் மாதத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். விசா இல்லை என்பதற்கு ஒன்றுமே இல்லை என்று பொருளும் இல்லை. இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு, அங்கே விசாவும் வேண்டும். இரண்டு அட்டைகளும் இலவசம். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டிக் காசு கேட்கும் போலித் தளங்களில் ஏமாறுகிறவர்கள் நிறைய. திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, கையில் செலவுக்குப் பணம் இவற்றை அதிகாரி கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் வந்த வழியே திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இதோடு ஒட்டிய இன்னொரு நம்பிக்கைதான் ஆபத்தானது: "டூரிஸ்ட் விசாவுல போய் எறங்கிட்டா அங்கயே வேலை விசாவா மாத்திக்கலாமுங்க." தாய்லாந்தில் கணினி வேலை என்ற பேச்சை நம்பிப் போய் மியான்மரில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழக இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில்தான் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

"சாப்பாட்டுச் சாமான்தானுங்க, அதுக்கெல்லாமா புடிப்பாங்க?"

இந்த ஒரு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. என் சித்தி காங்கேயத்துக்காரர். மகளுக்கென்று இரண்டு கிலோ கொப்பரையைத் துணிப்பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஸ்கேனர் அதைக் கண்டுபிடித்தது. கத்தியில்லை, வெடியில்லை, கொப்பரைக்கா இந்தப் பாடு என்று அவருக்குத் தாங்கவில்லை. விஷயம் இதுதான்: கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம். அது காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகள் அதை அபாயகரமான சரக்கு வரிசையில் வைத்திருக்கின்றன. கைப்பையிலும் கூடாது, கீழே போடும் பெட்டியிலும் கூடாது. (முழுத் தேங்காய்க்குக்கூடத் தனி அனுமதி தேவைப்பட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் சபரிமலை பக்தர்கள் இருமுடியில் தேங்காயோடு விமானத்துக்குள் ஏறலாம் என்று 2025 ஜனவரி 20 வரை சலுகை தந்தார்கள்.)

அதைவிடப் பெரிய வம்பு கசகசா. குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். தனிப் பொட்டலமாக மட்டுமல்ல, வீட்டில் அரைத்த மசாலாப் பொடிக்குள்ளும் அது ஒளிந்திருக்கலாம். என்ன சேர்த்தோம் என்று அரைத்தவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மாத்திரைகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வகை வலி மாத்திரை போன்றவற்றுக்கு அமீரகத்தில் முன் அனுமதி தேவை. எந்த நாடானாலும் மாத்திரையை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப் போவதுதான் சரி. டப்பாவில் கொட்டிக்கொண்டு போனால் எது எதற்கென்று அங்கே யாருக்குத் தெரியும்? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டு போக முடியாது என்பதால் வீட்டு நெய்யும் வீட்டிலேயே இருக்கட்டும். ஊறுகாய் பெட்டியில் போகலாம், கைப்பையில் போகாது.

"கார்டு இருக்குது, எங்க வேணாலும் தேய்ச்சுக்கலாமுங்க!"

ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரும் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். போகிற இடத்தில் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று இங்கே உள்ள எண்ணை அணைத்துவிட்டுப் போனால், ஓடிபி வராமல் பணம் உள்ளே இருந்தும் கை கட்டி நிற்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே ரோமிங்கைச் செயல்படுத்துங்கள். கடையில் கார்டு இயந்திரம் 'இந்திய ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று அன்பாகக் கேட்கும். கேட்பது நம் மேல் பாசத்தால் அல்ல; அந்த மாற்று விகிதத்தில் அவர்களுக்கு லாபம் இருக்கிறது. அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள். நோட்டாகக் கொண்டு போவதற்கும் வரம்பு உண்டு: பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை, இந்திய ரூபாய் என்றால் 25,000 வரை.

"ஊட்டிக் குளிரைத் தாங்கினவனுக்கு ஜெர்மனி எம்மாத்திரமுங்க?"

கரூர் வீட்டு ஜவுளிக்காரர்கள் பலர் முதன்முதலில் மிதிக்கும் அந்நிய மண் பிராங்பர்ட். அங்கே ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி நடப்பது ஜனவரியில். ஊட்டியிலும் அந்த மாதம் உறைபனி விழும்தான். ஆனால் ஊட்டியில் பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். பிராங்பர்ட்டில் நாள் முழுக்க வெளியே குளிர், உள்ளே ஹீட்டர். திருப்பூர் பருத்திப் பனியனை மூன்றாகப் போட்டாலும் வியர்வையில் நனைந்தால் அதுவே ஐஸ் ஆகிவிடும். சொந்த ஊர்ச் சரக்கை விட்டுக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம், அடியில் கம்பளி அல்லது செயற்கை இழை தெர்மல் போடுங்கள். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கென்யா, எத்தியோப்பியா, உகாண்டா என்று தொழிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அந்த நாட்டுக்காக மட்டும் அல்ல. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்தியாவிலேயே 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் மாதிரி அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள், பயணத்துக்கு 10 நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.

"ப்ளக் மாத்துற அடாப்டர் வாங்கியாச்சு, கிரைண்டர் ஓடிருமுங்க!"

கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அமெரிக்காவில் மகளுக்குக் கொடுத்தனுப்பாவிட்டால் சீர் முழுமையாகாது என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. அடாப்டர் மாற்றுவது முனையை மட்டும்தான், மின்னழுத்தத்தை அல்ல. செல்போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், அது எங்கேயும் ஓடும். நம் கிரைண்டர் 230 வோல்ட் மோட்டார். அங்கே வருவது 120 வோல்ட். அழுத்தம் பாதியானால் மோட்டாரின் முறுக்கு விசை கால்வாசிக்கு இறங்கிவிடும். உளுந்து போட்டதும் கல் முனகிக்கொண்டு நிற்கும், மோட்டார் சூடேறும். கோவைத் தயாரிப்பாளர்கள் 110 வோல்ட் மாடலும் செய்கிறார்கள், கேட்டால் கிடைக்கும். கேட்கத்தான் தோன்றுவதில்லை; வீட்டில் இருப்பதே புதுசாட்டந்தானே இருக்குது.