தீவும் கோட்டையும்

கேள்வி: ஆகஸ்ட் லீவில் பிள்ளைகளோடு வேனில் கரையோரமாகப் போய்த் தீவு, கோட்டை பார்க்க ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: வடக்கே திருப்புங்கள், சகோதரி. சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மட்டக்களப்பு. வாவி சூழ்ந்த புளியந்தீவில், போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை நிற்கிறது. சின்னக் கோட்டைதான், அரை மணி போதும். பாசிக்குடாவில் முழங்கால் தண்ணீரிலேயே வெகுதூரம் நடக்கலாம். பிள்ளைகள் லேசில் கரையேறமாட்டார்கள், நேரம் ஒதுக்குங்கள். இரவு திருகோணமலை. மறுநாள் காலையிலேயே நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவு. பவளப்பாறையை மிதிக்க விடாதீர்கள். கோணேசர் கோயிலை இடித்த கல்லால் போர்த்துக்கேயர் எழுப்பிய பிரெடெரிக் கோட்டை மாலைக்கு. உள்ளே மான்கள் திரியும். பயணத்தை நவம்பருக்குத் தள்ள வேண்டாம். மாரியில் கடல் கொந்தளிக்கும், படகை நம்ப முடியாது.