கணக்கைக் காக்கும் காந்தப் பொடி

வணிகனுக்குக் கணக்கே கண். சரக்கு போனால் மறுபடி கொள்முதல் செய்துவிடலாம். கடன் பேரேடு போனால் யாரிடம் எவ்வளவு வர வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆவது பிரிவும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்கிறது.

முன்பு இந்தக் கணக்கு சிவப்பு அட்டைப் பேரேட்டில் இருந்தது. இப்போது நம்மில் பலர் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கிலும், பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் காந்த நாடாவிலும் எழுத்தைத் தாங்கி நிற்பது மெல்லிய காந்தப் பூச்சுதான். அந்தப் பூச்சு கெடாமல் இருக்க என்னென்ன செய்தார்கள் என்பதை, நாடாவை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். அதில் நம் கடைக்கும் பாடம் இருக்கிறது.

சரக்கு, சாக்கு, கிடங்கு

காந்த நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல், காந்தப் பொடியைப் பசையில் குழைத்துப் பூசியது. 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபுளோய்மர் என்பவர் காகிதப் பட்டையில் பொடியை ஒட்டி இதைத் தொடங்கி வைத்தார். பொடியின் துகள்கள் காந்த முனையின் கீழே செல்லும்போது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ காந்தமேறும். அந்தத் திசை மாற்றங்களை வைத்தே எழுத்தும் எண்ணும் பதிவாகின்றன. துகள் தன் திசையை மாற்றாமல் இருக்கும் வரை கணக்கு பத்திரமாக இருக்கும்.

நம் தொழில் மொழியில் சொன்னால், காந்தப் பொடி சரக்கு, பசை சாக்கு, வைக்கும் இடம் கிடங்கு. மூன்றில் எது கெட்டாலும் நஷ்டம்தான்.

சாக்கு கெட்ட கதை

1970களிலும் 1980களிலும் தயாரான பல நாடாக்களில் பாலியூரித்தேன் வகைப் பசை பயன்பட்டது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சிதைந்து, பிசுபிசுப்பாகிவிட்டது. நாடாவை ஓட்டினால் ஒட்டிக்கொண்டு நின்றது. பூச்சு பெயர்ந்து வந்தது. இத்தனைக்கும் காந்தப் பொடி கெடவில்லை. பதிவு அதற்குள் அப்படியேதான் இருந்தது. ஏறத்தாழ 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வாங்கினால் கொஞ்ச காலத்துக்கு நாடா ஓடும். அதற்குள் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். நமுத்த சரக்கை உலர்த்தி உடனே விற்றுத் தீர்ப்பது போன்றது இது. சரக்கு மட்டும் நன்றாக இருந்தால் போதாது என்பதை இந்த அனுபவம் காட்டியது.

துருப்பிடிக்காத பொடி

தொடக்க கால நாடாக்களில் இரும்பு ஆக்சைடு என்ற பழுப்புப் பொடி இருந்தது. நாம் காணும் துருவுக்கு நெருங்கிய உறவு அது. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருளாதலால் எளிதில் கெடாது. ஆனால் அதன் காந்த வலிமை குறைவு. குறைந்த இடத்தில் நிறைய எழுத வேண்டுமானால் துகள் சிறிதாகவும் வலிமையாகவும் இருக்க வேண்டும். அதற்காக உலோகப் பொடிக்கு மாறினார்கள். 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த எல்.டி.ஓ. வகை நாடாக்களின் முதல் ஐந்து தலைமுறைகளிலும் உலோகப் பொடிதான்.

நுண்ணிய இரும்புப் பொடி காற்றுப் பட்டால் துருப்பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய ஆக்சைடுத் தோல் போர்த்தினார்கள். துகளைச் சிறிதாக்கச் சிறிதாக்க, தோலின் பங்கு கூடி உள்ளே இருக்கும் உலோகத்தின் பங்கு குறைந்தது. பொடி அரிசியில் தவிட்டின் பங்கு கூடுவது போலத்தான். இன்னொரு சிக்கலும் இருந்தது. துகள் அளவுக்கு மீறிச் சிறுத்தால், சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும்.

இதற்கு விடையாக வந்தது பேரியம் ஃபெரைட். இரும்பும் பேரியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். முழுவதுமே ஆக்சைடு என்பதால் மேற்கொண்டு துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை, தோலும் தேவையில்லை. உலோகத் துகளின் காந்தப் பிடிப்பு அதன் ஊசி போன்ற நீள வடிவத்திலிருந்து வருவது. பேரியம் ஃபெரைட்டுக்கோ அது படிக அமைப்பிலேயே இருக்கிறது. எனவே நன்றாகச் சிறுத்தாலும் பிடிப்பை விடாது. 2012இல் வந்த எல்.டி.ஓ. ஆறாம் தலைமுறையில் இரண்டு வகைப் பொடியும் இருந்தன. 2015இல் வந்த ஏழாம் தலைமுறை முழுக்க பேரியம் ஃபெரைட். ஒரு நாடாப் பெட்டியில் 6 டெராபைட் அடங்கியது. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் அது 18 டெராபைட் ஆயிற்று.

இது கிடைத்தற்கரிய பொருளுமல்ல. ஒலிபெருக்கியின் பின்னாலுள்ள கறுப்பு வளையமும், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பருக்குள் இருக்கும் காந்தமும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இரட்டைக் கூட்டல்

எவ்வளவு நல்ல பொடியானாலும் எங்காவது ஒரு புள்ளியில் குறை இருக்கும். அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பேரேட்டில் நெட்டாக ஒரு கூட்டல், குறுக்காக ஒரு கூட்டல் போட்டு, இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? நாடாவிலும் விவரங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, நெட்டிலும் குறுக்கிலும் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஓர் இடம் அழிந்தாலும் மீதியை வைத்து அதைக் கணக்கிட்டு மீட்கலாம். எழுதும் முனைக்குப் பின்னாலேயே படிக்கும் முனை ஒன்று வந்து, எழுதியதை உடனே சோதித்தும் பார்க்கிறது.

கிடங்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். 16 முதல் 25 டிகிரி வெப்பம், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்ற நிலையில் வைத்தால் 30 ஆண்டுகள் வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் பெரும்பாலும் இதைவிட அதிகம் என்பதை மறக்கக்கூடாது.

தனியே வைத்த பிரதி

2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் ஜிமெயிலில் மென்பொருள் பிழை ஒன்றால், மிகச் சிறு பங்கு வாடிக்கையாளர்களின் கடிதங்கள் மறைந்துபோயின. பல ஊர்களில் பிரதிகள் இருந்தும், எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் பிழை அவற்றையும் தொட்டது. கடைசியில் கைகொடுத்தவை, இணைப்பில்லாமல் தனியே வைத்திருந்த காந்த நாடாக்கள்தாம்.

நம் கடைகளுக்கு நாடா தேவைப்படாது. முறை மட்டும் ஒன்றுதான்:

1. கம்ப்யூட்டரில் உள்ளது தவிர, கணக்குக்கு மேலும் இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒன்று கடையிலும் மற்றொன்று வேறு இடத்திலும் இருக்க வேண்டும்.

2. பிரதி எடுத்ததும் வெளி டிஸ்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தாலும் கழற்றி வைத்ததைத் தொட முடியாது.

3. மாவுத் தூசியும் ஈரமும் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைத் தட்டவோ நகர்த்தவோ கூடாது.

4. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரதியைத் திறந்து, பழைய பில் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

5. ஆண்டு முடிவில் வர வேண்டிய பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பொடியைக் கெடாததாக மாற்றிய பிறகும் அறிஞர்கள் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. சரிபார்ப்பையும் தனிப் பிரதியையும் சேர்த்தே வைத்தார்கள். இந்த மாதக் கணக்கு முடிக்கும் அன்றே நாமும் முதல் பிரதியை எடுத்து வைப்போம்.