உழைப்பிலே மகிழ்ச்சி உண்டா?

குடும்பங்களுக்கான படிப்பினை

சில வருடங்களுக்கு முன்னர், உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த பிள்ளைகளிடம் இரண்டு வினாக்களைக் கொடுத்து, வீட்டிலே கேட்டு விடை எழுதி வரும்படி சொன்னேன். முதலாவது வினா: உங்கள் தகப்பனார் அல்லது தாயார் என்ன தொழில் செய்கிறார்? இரண்டாவது வினா: அத்தொழிலில் அவருக்கு மகிழ்ச்சி உண்டா?

முதலாம் வினாவுக்கு எல்லோரும் விடை எழுதியிருந்தனர். கடற்றொழில், மேசன் வேலை, தையல், ஆசிரியத் தொழில், சில்லறைக் கடை, கூலி வேலை, வெளிநாட்டில் வீட்டுப் பணி எனப் பலவாறாக இருந்தன. இரண்டாம் வினாவின் கீழ் அநேக தாள்களில் ஒன்றும் எழுதப்படவில்லை. ஒரு சிறுவன் மாத்திரம், "கேட்டேன் சுவாமி. அப்பா சிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தான். அவனுடைய தகப்பனார் ஒரு கடற்றொழிலாளி.

அந்தச் சிரிப்பின் பொருள் என்ன? நம்முடைய வாழ்நாளின் பெரும்பகுதி தொழிலிலேயே கழிகின்றது. ஞாயிறு திருப்பலிக்கு நாம் கொடுப்பது ஒரு மணித்தியாலம். தொழிலுக்குக் கொடுப்பதோ வாரத்தில் ஆறு நாட்கள். அந்த ஆறு நாட்களையும் பற்றி நம்முடைய விசுவாசம் ஒன்றும் சொல்லவில்லையென்றால், நமது வாழ்வின் மிகச் சிறிய பகுதிக்கே நாம் கிறிஸ்தவர்களாயிருக்கிறோம் என்பது பொருளாகும். ஆகவே இவ்வாரம் இதனைக் குடும்பமாக இருந்து சிந்திப்போம்.

1. உழைப்பு சாபமா?

"ஆதாம் செய்த பாவத்தால்தானே நாங்கள் இப்படி மாடாய் உழைக்கிறோம்" என்று நம்மவர் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. ஆதியாகமத்தை ஒழுங்காக வாசித்துப் பார்த்தால், இரண்டாம் அதிகாரத்திலேயே இறைவன் மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் பணிக்கிறார். பாவம் வருவதோ மூன்றாம் அதிகாரத்தில். ஆகவே உழைப்பு பாவத்துக்கு முந்தியது. பாவத்தின் பின் வந்தவை முள்ளும் வியர்வையும் வீணாகும் முயற்சியுமாம். சாபத்துக்குள்ளானது உழைப்பின் சுமையே; உழைப்பு அன்று.

இந்த வேறுபாடு முக்கியமானது. உழைப்பே சாபமென்றால் அதில் மகிழ்ச்சியைத் தேடுவது மடமை. உழைப்பு இறைவன் தந்த கொடையாயின், அதில் மகிழ்ச்சி இல்லாதவிடத்து, "எங்கே பிழை நேர்ந்தது?" என்று கேட்பதற்கு நமக்கு உரிமையுண்டு, கடமையுமுண்டு.

2. கைத்தொழிலும் இறைமக்களும்

நம் ஆண்டவர் யேசு தமது போதனையைத் தொடங்குமுன்னர் நாசரேத்தூரில் தச்சனாகவே அறியப்பட்டிருந்தார். புனித சின்னப்பர் கூடாரம் செய்பவர். தாம் மறைபோதித்த மக்களுக்குப் பாரமாயிராதபடி அத்தொழிலைக் கைவிடாது செய்தார். சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் உழவன், முத்திரை வெட்டுபவன், கொல்லன், குயவன் ஆகியோரைப் பற்றி அழகாகப் பேசுகின்றது. இவர்கள் மன்றத்தில் அமர்த்தப்படுவதில்லை. ஆயினும் இவர்களின்றி எந்த ஊரும் நிலைபெறாது. இவர்களுடைய தொழிலே இவர்களுடைய செபம் என்பதே அங்கு நாம் காணும் கருத்து.

ஆறாம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித ஆசீர்வாதப்பர், மடத்தின் பொருட்களுக்குப் பொறுப்பானவர் அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் பாத்திரங்களைப் போலவே மதித்துப் பேணவேண்டும் என்று விதித்தார். பூசைப் பாத்திரமும் மண்வெட்டியும் ஒரே மதிப்புடன் வைக்கப்படுமிடத்து, மண்வெட்டி பிடிப்பவன் தன்னைத் தாழ்ந்தவனென்று எண்ணமாட்டான் அன்றோ!

3. திருச்சபையின் போதனை

1891ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'றேரும் நோவாறும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் சிறுபிள்ளைகளுங்கூட நெடுநேரம் வேலை வாங்கப்பட்ட காலம் அது. முதலாளியும் தொழிலாளியும் இணங்கிக்கொண்டார்கள் என்பதனால் மாத்திரம் ஒரு சம்பளம் நீதியானதாகிவிடாது. உழைப்பவன் சிக்கனமாகவேனும் மனிதனாக வாழ அது போதுமானதாயிருக்க வேண்டும் என்று அவர் போதித்தார். 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், உலகத் தொழிலாளர் தினமாகிய மே முதலாம் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

1981ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி வெளிவந்த சுற்றுமடலில் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் இன்னும் ஆழமாகச் சென்றார். இளமையிலே கல் உடைக்குமிடத்திலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர் அவர். ஒரு தொழிலின் மதிப்பை அதனால் உண்டாகும் பொருளைக்கொண்டு அளக்கலாகாது. அதைச் செய்பவன் ஒரு மனிதன் என்பதைக்கொண்டே முதலில் அளக்க வேண்டும் என்றார். மனிதன் தொழிலுக்காக அல்ல, தொழிலே மனிதனுக்காக என்பது அவருடைய போதனையின் சாரம். உழைப்பினால் மனிதன் உலகை மாற்றுகிறான். அதேவேளை தானும் மேலும் மனிதத்தன்மை பெறுகிறான்.

2025 மே 8ஆந் திகதி தெரிவான பாப்பரசரும், 13ஆம் சிங்கராயரின் அதே பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதற்கு அந்த 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலை ஒரு காரணமாகக் குறிப்பிட்டார். அன்று யந்திரத் தொழிற்சாலை எழுப்பிய வினாக்களை இன்று செயற்கை அறிவு வேறு வடிவில் எழுப்புகின்றது என்பது அவருடைய கவலை. தொழிலும் மனித மாண்பும் பழைய சங்கதியன்று. நம்முடைய பிள்ளைகளின் நாளைய சங்கதி.

4. மகிழ்ச்சி ஏன் அற்றுப்போகிறது?

மகிழ்ச்சி வேறு, களிப்பு வேறு. இரவு முழுவதும் நோயாளிப் பிள்ளையுடன் விழித்திருக்கும் தாய்க்குக் களிப்பில்லை, ஆனால் அவளிடம் போய், "இந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். தன் உழைப்பு ஒருவருக்கு வேண்டியதாயிருக்கிறது, தன் கை அதற்கு வல்லது, அது மதிக்கப்படுகிறது என்ற நிறைவே தொழிலின் மகிழ்ச்சியாகும். முன்னர் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்தவர்களும், கரைவலை இழுக்கையில் அம்பாப் பாடியவர்களும் இலேசான வேலை செய்தவர்களல்லர். பாட்டு வேலையின் பாரத்தைக் குறைக்கவில்லை. பாரத்தைப் பலருக்கும் பங்கிட்டது.

அந்த நிறைவைக் கெடுப்பவை எவை?

முதலாவது, அநீதியான கூலி. மலையகத்தில் 1867இல் தொடங்கிய தேயிலைச் செய்கை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டுக்கு வருமானம் தேடித்தந்தது. ஆயினும் கொழுந்து பறிக்கும் சகோதரியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வருவதற்கு நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அது உயர்த்தப்பட்டபோதிலும், விலைவாசி அதற்கு முன்னே ஓடிவிட்டது. நிறை குறைந்ததென்று 'அரைப் பேர்' போடப்பட்ட நாளில் அவள் மகிழ்ச்சியாய் வீடு திரும்புவாளென்று எதிர்பார்ப்பது எப்படி?

இரண்டாவது, நிச்சயமின்மை. வட பகுதிக் கடற்றொழிலாளர் போர் முடிந்த 2009 வரை தடைகளோடு தொழில் செய்தனர். பின்னர் இழுவைமடிப் படகுகள் அவர்களுடைய வலைகளை அறுத்தன. அத்தொழில் முறையை நமது நாடு 2017இல் சட்டத்தினால் தடைசெய்தும், எல்லை தாண்டி வரும் படகுகளின் தொல்லை அதனோடு தீரவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்தபோது, வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு இருந்தவர் பலர். உழைக்க மனமிருந்தும் உழைக்க முடியாமை எல்லாவற்றிலும் கொடிய களைப்பு.

மூன்றாவது, ஓய்வின்மை. இறைவன் மோயீசன் வழியாகத் தந்த ஓய்வுநாட் கட்டளை எசமானுக்கு மாத்திரம் தரப்படவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும் அவனைப்போலவே இளைப்பாற வேண்டுமென்று அது தெளிவாய்ச் சொல்கிறது. நம் வீட்டில் சமையலுக்கு உதவும் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? வீட்டுத் தாய்க்குத்தான் உண்டா?

நான்காவது, அவமதிப்பு. இதைச் சொல்ல மனம் கூசுகிறது, சொல்லாதிருப்பதும் தவறு. இன்ன தொழில் செய்பவர் இன்ன சாதி, இன்ன சாதி இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்ற வழக்கம் நம் ஆலயங்களுக்குள்ளேயும் புகுந்து இருந்ததுண்டு. இன்று அது வெளிப்படையாய் இல்லாவிடினும், கலியாணப் பேச்சிலே அதன் முகம் தெரிகிறது. மரமேறிச் சீவுபவன், சலவை செய்பவன், சிகை திருத்துபவன், தெருக் கூட்டுபவன் ஆகிய எவனுடைய உழைப்பும் இல்லாமல் நமக்கு ஒரு நாளும் விடியாது. அவனை இழித்துப் பேசிவிட்டுத் தச்சனின் மகனிடம் நற்கருணை வாங்கப் போவது எப்படிப் பொருந்தும்?

5. பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது நம்மவரிடையே பழைய சொல். கோறணமேந்து உத்தியோகம் தந்த பாதுகாப்பையும் ஓய்வூதியத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. வறண்ட நிலத்திலே எத்தனையோ குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியது. ஆயினும், தம்முடைய பயத்தைப் பிள்ளையின் அழைத்தலாக்குகின்ற பெற்றோர் உளர். யந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில் தன்னை மறந்திருக்கும் பையனை, "கையில் எண்ணெய் படுகிற வேலை நமக்கு வேண்டாம்" என்று தடுத்துவிட்டு, அவன் விரும்பாத பரீட்சைக்கு மூன்றுமுறை இருத்துகிறார்கள். பின்னர் அவன் வாசிகசாலையில் குந்தியிருக்கிறானென்று குறைசொல்கிறார்கள். வேறு சிலர் கடன்பட்டு அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கு அவன் செய்யும் வேலை, இங்கு வேண்டாமென்று தடுக்கப்பட்ட அதே எண்ணெய் வேலை!

பிள்ளைக்கு விருப்பமானதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. விருப்பம், திறமை, பிறருக்குப் பயன், குடும்பத்தின் நிலை ஆகிய நான்கையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். விருப்பமில்லாத தொழிலைக் குடும்பத்துக்காகச் செய்யும் தகப்பனின் தியாகம் பெரியது. ஆனால் தியாகம் ஒருவர் தாமாகக் கொடுப்பது. பிள்ளையிடமிருந்து பறித்தெடுப்பதற்கு அந்தப் பெயரில்லை.

குருக்களாகிய எங்களுக்கும் இவ்வினா உண்டு. இரவு வெகுநேரம் அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கையில், "இதற்காகவா நான் குருவானேன்?" என்று முணுமுணுத்த நாட்கள் எனக்கும் இருந்தன. ஒரு நாள், கண்பார்வை குன்றிய ஒரு முதிய தாய்க்கு அவருடைய பேத்தி இப்பத்திரிகையை முதற் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுவதைக் கண்டேன். அன்றிலிருந்து அதே வேலைதான். முணுமுணுப்புச் சற்றுக் குறைந்திருக்கிறது.

6. அந்தத் தகப்பனின் சிரிப்பு

சிறுவனின் தாளைப் படித்த சில நாட்களின் பின், அவனுடைய தகப்பனாரைக் கரையிலே கண்டேன். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார். "மகன் கேட்டதற்கு ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் சிரித்தார். பின்பு மெதுவாய்ச் சொன்னார்: "சந்தோஷம் இல்லையெண்டு சொன்னா அது பொய், சுவாமி. விடியப்புறம் வலை பாரமா வரேக்க இருக்கிற சந்தோஷம் வேற எதிலை இருக்கு? ஆனா அதைச் சொன்னனெண்டா பெடியனும் கடலுக்கு வெளிக்கிட்டிடுவான். அதுதான் சொல்லேல்லை."

அவரைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை. கடலின் ஆபத்தையும் கடனின் பாரத்தையும் அவர் அறிவார். ஆனாலும் ஒன்று சொன்னேன்: "கடலுக்குப் போக வேண்டாமென்று சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் சந்தோஷத்தை மறைக்காதேயுங்கள். அப்பா வெறுப்போடு உழைத்துத்தான் தன்னை வளர்த்தாரென்று அவன் நினைத்தால், அந்தப் பாரத்தை அவன் எந்தத் தொழிலுக்குப் போனாலும் சுமப்பான்." அவர் பதில் சொல்லாமல் மீனைக் கழற்றினார். அடுத்த வாரம் சிறுவன் வந்து, "சுவாமி, அந்தத் தாளைத் திருப்பித் தருவீங்களோ? இரண்டாவது கேள்விக்கு அப்பா பதில் சொல்லிவிட்டார்" என்றான்.

உங்கள் வீட்டிலும் அத்தாள் வெறுமையாய் இருக்கலாம். இவ்வாரம் இரவுச் செபத்தின் பின் சற்று நேரம் ஒன்றாக இருந்து, கீழ்வரும் வினாக்களை ஒருவரையொருவர் கேளுங்கள்.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒவ்வொருவரும் செய்யும் வேலையால் யார் பயன்பெறுகிறார்கள்? வீட்டுத் தாயின் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. அந்த வேலையில் மகிழ்ச்சி தருவது எது? மகிழ்ச்சியைக் கெடுப்பது எது? கெடுப்பதில் நாமே மாற்றக்கூடியது ஏதேனும் உண்டா?

3. நம்மிடம் கூலிக்கு வேலை செய்பவருக்கு நீதியான சம்பளமும் ஓய்வும் மரியாதையான வார்த்தையும் கொடுக்கிறோமா?

4. பிள்ளைகளே, உங்கள் கை எந்த வேலையில் தன்னை மறக்கிறது? அதை அப்பா அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா?

தச்சுப்பட்டறையில் தம் மகனுக்குத் தொழில் பழக்கிய புனித சூசையப்பர், நம் வீடுகளில் நடக்கும் இந்த உரையாடலுக்கும் துணையிருப்பாராக.