மரத்தில் ஒரு டகோட்டா: அக்காவின் டிப்ஸ்!

தம்பி, தங்கைகளா! பழைய பயணிகள் விமானத்தை உங்க கையாலேயே மரத்துல செதுக்கணும்னு ஆசையா? ரொம்ப சந்தோஷம். பெயின்ட் டப்பாவைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க: மாடலோட அழகு செதுக்கல்லதான் இருக்கு. உருவம் சரியா வந்துட்டா, வெறும் மரமா இருக்கும்போதே அது எந்த விமானம்னு பார்க்கிறவங்க சொல்லிடுவாங்க.

முதல்ல எது? டகோட்டான்னு நாம சொல்ற டக்ளஸ் டி.சி.-3தான். 1935 டிசம்பர் 17-ல முதன்முதலா பறந்தது. ரெண்டே இன்ஜின், உருளையான உடம்பு. புதுசா செதுக்கிறவங்களுக்குத் தோதானது. லாக்ஹீட் கான்ஸ்டலேஷனை அடுத்ததா வெச்சுக்கோங்க. மூக்கிலிருந்து வால் வரைக்கும் அதோட உடம்பு வளைஞ்சுக்கிட்டே போகும், வால்ல மூணு துடுப்பு வேற. 1948 ஜூன் 8-ல பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பின ஏர் இந்தியாவோட 'மலபார் பிரின்சஸ்' இந்த ரகம்தான்.

அலமாரியை அளந்துக்கோங்க: 1:72 அளவுன்னா, நிஜ விமானத்தோட 6 அடி மாடல்ல 1 அங்குலம். டி.சி.-3-க்கு ஒரு இறக்கை நுனியிலிருந்து இன்னொரு இறக்கை நுனி வரைக்கும் 95 அடி. மாடல்ல கிட்டத்தட்ட 16 அங்குலம் வரும். கான்ஸ்டலேஷனுக்கு 123 அடி. மாடல் இருபதரை அங்குலம். இடம் பத்தாதா? 1:144-க்குப் போங்க, பாதியாயிடும்.

வருஷத்தை முடிவு பண்ணுங்க: ஒரே பேர்ல வந்த விமானம்கூட வருஷத்துக்கு வருஷம் மாறும். பிரிட்டனோட காமெட் ஜெட்டையே பாருங்க. 1952-ல பயணிகளை ஏத்தினப்போ சன்னல்கள் சதுர வாக்குல இருந்துச்சு. 1954-ல நடந்த காமெட் விபத்துகளை ஆராய்ஞ்சப்போ, திறப்புகளோட மூலையில உலோகம் சோர்ந்து விரிசல் விட்டது தெரிஞ்சது. 1958-ல சேவைக்கு வந்த காமெட் 4-ல சன்னல் ஓரமெல்லாம் வளைவாயிடுச்சு. அதனால, நீங்க செய்யற விமானத்தோட அந்த வருஷப் போட்டோவைப் பக்கத்துலயே வெச்சுக்கோங்க.

அட்டை அச்சு அவசியம்: பால்சா கட்டையில பக்கத்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரைஞ்சு வெட்டிக்கோங்க. மூக்கு, நடு உடம்பு, வால்னு ஒவ்வொரு இடத்துக்கும் பாதி வட்ட அளவுல அட்டையில அச்சு வெட்டணும். செதுக்கச் செதுக்க அச்சை மேல வெச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. எங்கே அட்டை முட்டுதோ அங்கே மேடு. அங்கே மட்டும் உப்புத்தாள் போடுங்க. டி.சி.-3 இறக்கையோட முன்விளிம்பு பின்பக்கமா சாய்ஞ்சிருக்கும், பின்விளிம்பு ஏறக்குறைய நேரா போகும். நடுத்துண்டு மட்டமா இருக்கும், வெளித்துண்டுகள் மட்டும் மேல்நோக்கி எழும்பும். இது தப்பினா டகோட்டா களையே வராது.

வெள்ளி நிறத்துக்குப் பொறுமை வேணும்: சின்னக் கீறலையும் அது காட்டிக்கொடுக்கும். சாண்டிங் சீலரை ரெண்டு மூணு தடவை பூசி, ஒவ்வொண்ணும் காய்ஞ்சதும் 400 நம்பர் தாளால லேசா தேய்ங்க. அப்புறம் பிரைமர். பளபளக்கிற அலுமினியம் மாதிரி வேணும்னா, அடியில பளபளப்பான கறுப்பு அடிச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு வெள்ளியை மெல்லிசா அடிங்க. பெயின்ட் அடிக்கும்போது சன்னலைத் திறந்து வெச்சு மாஸ்க் போட்டுக்கோங்க. மரத்தூள் பறக்கும்போதும் மாஸ்க் வேணும்.

பத்திரம்: நேர் வெயில் படற இடத்துல வைக்காதீங்க. மெல்லிய பிரஷ்ஷால தூசி தட்டுங்க. தூக்கும்போது இறக்கை சேர்ற இடத்துல உடம்போட சேர்த்துப் பிடிங்க. வாலையோ புரொப்பெல்லரையோ பிடிக்க வேண்டாம். ஸ்டாண்டுக்கு அடியில விமானத்தோட பேர், எந்த வருஷத்து ரகம், என்ன அளவு, செஞ்சது யார்னு எழுதி வைங்க. அடுத்ததைத் தொடங்கும்போது அந்தக் குறிப்பு உங்களுக்கே உதவும்.