கோதுமை பியரில் கிராம்பு மணம்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். வீட்டிலேயே கோதுமை பியர் தயாரிக்கிறேன். மால்ட்டை ஒரே சூட்டில் ஊறவைக்காமல் படிப்படியாகச் சூடேற்றச் சொல்கிறார்களே, அவசியமா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் பவேரியா பாணிக் கிராம்பு மணம் வேண்டுமென்றால் பலன் உண்டு. நொறுக்கிய மால்ட்டை நீரில் கலந்து முதலில் 43–45 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வையுங்கள். தானியத்திலிருந்து ஃபெரூலிக் அமிலம் பிரியும். அதைத்தான் வைசன் (கோதுமை பியர்) ஈஸ்ட் பின்னர் கிராம்பு மணமாக மாற்றுகிறது. கிராம்பு மணம் தராத ரக ஈஸ்ட் என்றால் இந்தப் படி வீண்.

50 டிகிரியில் புரதம் உடைக்கும் படியை இன்றைய மால்ட்டுக்குத் தவிர்க்கலாம். நீண்டால் நுரை குறையும். அடுத்து 63 டிகிரியில் அரை மணி நேரம்: மாச்சத்து, ஈஸ்ட் தின்னும் சர்க்கரையாகும். பிறகு 72 டிகிரியில் அரை மணி: ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரைகள் எஞ்சி, பியருக்கு அடர்த்தி தரும். கடைசியில் 76–78 டிகிரிக்கு ஏற்றினால் வடிப்பது எளிது.

சூடேற்றும்போதெல்லாம் கிளறுங்கள், அடிபிடிக்கும். கோதுமைக்கு உமி இல்லாததால் வடிகட்டுவதில் அடைத்துக்கொள்ளும். பாதிக்குச் சற்று மேல் கோதுமை மால்ட், மீதி பார்லி மால்ட் என்று வையுங்கள்; பார்லி உமியே வடிகட்டியாகிவிடும்.