மெட்டல் கிளேயும் வீட்டுச் சூளையும்: முழுமையான வழிகாட்டி

வெள்ளியில் நகை செய்ய ஆசை இருக்கிறது. பட்டறையும் இல்லை, பற்றவைப்பு வேலையும் தெரியாது. பரவாயில்லை, மெட்டல் கிளே நமக்காகவே வந்தது. உருட்டி, வெட்டி, காயவைத்துச் சுட்டால் கிடைப்பது அசல் வெள்ளி. முதல் பதக்கத்தில் தொடங்கி, சூளை வாங்குவது வரை வரிசையாகப் போவோம்.

என்ன இது?

மிக நுண்ணிய உலோகத்தூள், அதைப் பிடித்துவைக்கும் பசை, கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். ஜப்பானில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. பி.எம்.சி., ஆர்ட் கிளே சில்வர் இரண்டும் பெயர்பெற்ற பிராண்டுகள். செம்பு, வெண்கலக் கிளே பின்னால் வந்தவை.

சுடும்போது பசை எரிந்துவிடும். வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் கீழேயே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடுகின்றன. இடைவெளி அடைபடுவதால் பொருள் சுருங்கும். இன்று கிடைக்கும் சில்வர் கிளே பெரும்பாலும் 8 முதல் 12 சதவீதம். செம்பும் வெண்கலமும் ஏறக்குறைய 20 சதவீதம். 2 செ.மீ. பதக்கம் வேண்டுமானால் வெள்ளியில் 2.2 செ.மீ., செம்பில் 2.5 செ.மீ. அளவில் வெட்ட வேண்டும்.

முதலில் என்ன வாங்குவது?

சூளையை இப்போதைக்கு மறந்துவிடுவோம். டார்ச்சில் சுடக்கூடிய சில்வர் கிளே ஒரு சிறிய பாக்கெட், பியூட்டேன் டார்ச், சுடுவதற்கு ஒரு தீச்செங்கல், அக்ரிலிக் உருளை, கூர்மையான கத்தி, நைஸ் உப்புத்தாள், பித்தளைக் கம்பி பிரஷ். பழைய சீட்டுக்கட்டு ஒன்றையும் எடுத்துவைத்துக்கொள்வோம். கிளேயின் இருபுறமும் நான்கு நான்கு சீட்டு அடுக்கி மேலே உருளையை ஓட்டினால், எங்கும் ஒரே கனமாக, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தகடு கிடைக்கும்.

எப்படிச் செய்வது?

உட்காரும் முன் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் சீலிங் ஃபேன் காற்றில் கிளே சில நிமிடங்களில் ஓரம் வெடித்துவிடும். வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து தயாராக வைத்துக்கொண்டுதான் பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். கிளே ஒட்டாமலிருக்கக் கையிலும் உருளையிலும் எண்ணெயை விரலால் தொட்டுத் தடவினால் போதும். அதிகமானால் கிளே அடுக்கடுக்காகப் பிரியும். வேப்பிலையோ வெற்றிலையோ, நரம்பு புடைத்த பக்கம் கிளேயில் படும்படி வைத்து உருட்டினால் நரம்புகள் அப்படியே பதியும். முதல் பதக்கத்துக்கு இதைவிட நல்ல அச்சு கிடையாது. சங்கிலி மாட்டும் துளையை ஈரமாக இருக்கும்போதே போட்டுவிடலாம்.

காயவைப்பதில்தான் பொறுமை வேண்டும். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரம் சுடும்போது ஆவியாகிப் பொருளைப் பிளந்துவிடும். சோதிக்க எளிய வழி: லேசாகச் சூடாக்கிய பதக்கத்தைக் கண்ணாடி மேல் சில விநாடி வைத்து எடுங்கள். மங்கலான ஆவித்தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. தடமே இல்லை என்றால் உப்புத்தாளால் ஓரங்களைத் தேய்க்கலாம். பிஸ்கட் போல உடையும் நிலை இது, அழுத்த வேண்டாம். சுட்ட பிறகு அரம் போட்டுப் போராடுவதைவிட இப்போது தேய்ப்பது எவ்வளவோ எளிது.

டார்ச்சில் சுடுவது

அறை விளக்கைக் குறைப்போம். வெளிச்சத்தில் உலோகத்தின் நிறம் தெரியாது. தீச்செங்கல்லில் பதக்கத்தை வைத்துச் சுடரைச் சுற்றிச் சுற்றி ஆட்டினால் முதலில் புகை, பிறகு ஒரு சிறு மஞ்சள் சுடர். பசை எரிகிறது, பயப்பட வேண்டாம். அடுத்து வெளுக்கும், பிறகு இளம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்த நிறத்தில் இரண்டு நிமிடமாவது நிறுத்த வேண்டும். கனமான பொருளுக்கு இன்னும் கொஞ்சம். மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்தால் உருகத் தொடங்கிவிட்டது, சுடரை உடனே விலக்குங்கள்.

ஆறியதும் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பித்தளை பிரஷால் தேயுங்கள், வெள்ளி வெளிவரும்.

சூளை எப்போது?

25 கிராமுக்கு மேற்பட்ட பொருள், தினமும் அணியும் மோதிரம், செம்பு, வெண்கலம் என்று ஆசை வளரும்போது சூளை வாங்கலாம். ஆர்ட் கிளே சில்வர் 650 டிகிரியில் அரை மணி நேரத்திலேயே இறுகும். 900 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் நல்ல உறுதி வரும். இந்தப் பக்குவம் டார்ச்சுக்குக் கைவராது.

வாங்கும்போது உள்ளறை அளவை விடக் கன்ட்ரோலருக்குப் பணம் கொடுங்கள். குறித்த வேகத்தில் ஏறி, குறித்த நேரம் நின்று, தானே அணையும் டிஜிட்டல் கன்ட்ரோலர் அவசியம். ஆய்வகக் கருவிக் கடைகளில் மஃபில் ஃபர்னஸ் என்று கேட்டாலும் கிடைக்கும்; 1,000 டிகிரியைத் தாண்டுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

செம்பும் வெண்கலமும் காற்றுப் பட்டால் கறுத்து, இறுகாமல் போகும். ஆகவே மூடியுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டியில் ஆக்டிவேட்டட் கார்பனுக்குள் புதைத்துச் சுட வேண்டும். இந்தக் கார்பனில் ஒரு முக்கிய வகை தேங்காய்த் தொட்டியிலிருந்து வருவதுதான். தண்ணீர் வடிகட்டிக்கான குருணையாகக் கேளுங்கள். அடுப்புக்கரி உதவாது.

எவ்வளவு செலவு?

முதல் செலவில் பெரும்பங்கு சில்வர் கிளேக்குத்தான். அதே எடை வெள்ளிக்கட்டியைவிட விலை நன்றாகவே கூடுதல். அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரும் பசையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கை பழகச் சாதாரணக் களிமண்ணில் ஒத்திகை பார்த்துவிட்டு இறங்குவது லாபம். செம்புக் கிளே மலிவு, ஆனால் சூளை வேண்டும். 1,500 வாட் சூளை இரண்டு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 3 யூனிட். மின்கட்டணம் பெரிய விஷயமே இல்லை.

கவனம்

சூளையை 16 ஆம்பியர் பாயின்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. தீப்பிடிக்காத மேடை, சுற்றிலும் ஓர் அடி இடைவெளி வேண்டும். கார்பனில் சுடும்போது கார்பன் மோனாக்சைடு வரும். மூடிய படுக்கையறையில் செய்யவே கூடாது. முத்தும் பவளமும் சூட்டைத் தாங்காது, சுட்ட பிறகே பதிக்கலாம்.

சில்வர் கிளே அலுமினியத்தோடு ஒத்துப்போகாது. அலுமினியத் தட்டு, ஃபாயில் எதுவும் அருகில் வேண்டாம். சமையலறையிலிருந்து எடுத்த கருவி மறுபடி அங்கே திரும்பக் கூடாது. தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு, கீழே ஒரு தாள் விரித்துவிடுங்கள். உதிர்ந்த கிளேத்தூளை ஒரு சிறு புட்டியில் சேர்த்துத் தண்ணீர் சொட்டினால், அடுத்த பதக்கத்தின் விரிசலை அடைக்கும் பசை தயார்.